நான் கொட்டிய மீன் குழம்பு

எனக்குச் சம்பளமும் கொடுத்து, வேலையும் செய்யக்கூடாது என்று உத்தரவும் போட்ட வீடு ஒன்று உண்டு. பினாங்கில், தண்ணீர்மலைக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் அந்த வீடு இருந்தது. நடந்தது எண்பதுகளில். கடல்மேல் பினாங்குப் பாலம் திறந்து, எதற்கும் தேவையில்லாதவர்கள்கூட ஒரு தடவை அதில் போய்விட்டு வந்த காலம். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். ஆகையால் கதையும் மெதுவாகத்தான் நடக்கும். அவசரக்காரர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் பினாங்கு வீதியில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பதினெட்டு வருஷம் சமைத்தவள் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்வார்கள் சிலர். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். வேறு எதற்குச் சொல்வது? கோர்ட்டிலிருந்து வக்கீல்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்து உட்கார்ந்து என் மீன் குழம்பைச் சாப்பிடுவார்கள். ஒரு வக்கீல் குழம்புக்காகவே கேஸைத் தள்ளிப்போட்டார் என்று கடையில் பேச்சு. நான் அதை மறுக்கவில்லை. முதலாளி வயதாகிப் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய்விட்டார், கடையை மூடினார்கள், நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். ஆங்கிலப் பள்ளியில் பாடம் படித்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் பேச்சு மட்டும் அப்படியே யாழ்ப்பாணம். அவரும் இன்னும் நாலைந்து பேரும் கமிட்டி என்று ஒன்று வைத்து அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். படிப்பு ஏறாத, எதையும் மெதுவாகக் கற்றுக்கொள்கிற வளர்ந்த பெண்பிள்ளைகள் அங்கே தங்கி, தாங்களே சமைத்து, துவைத்து, கடைக்கும் வேலைக்கும் போய்வந்து வாழப் பழக வேண்டும். அதுதான் ஏற்பாடு. ஊரில் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். அவற்றை நான் எழுதப் போவதில்லை. எழுத்துக் கூட்டுவது எனக்குப் பெரும்பாடு. அந்தப் பாட்டை நல்ல வார்த்தைக்குத்தான் படுவேன்.

"சமையலுக்கு ஆள் வேணுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"இல்லை. சமைக்காமல் இருக்க ஆள் வேணும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். சமையல்கட்டு வாசலில் தரையில் ஒரு சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்புக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி.

"இஞ்ச பாருங்கோ. இதுதான் உங்கட இடம். அந்தப் பிள்ளையள் சமைக்கேக்க நீங்கள் இதில இருந்து பாக்கவேணும். கோட்டைத் தாண்டக் கூடாது. நெருப்பு, ரத்தம், மயக்கம். இந்த மூண்டுக்கு மட்டும் உள்ள போகலாம். விளங்குதே?"

"குழம்பு அடிபிடிச்சா?"

"பிடிக்கட்டும்."

"சோறு குழைஞ்சா?"

"குழையட்டும். குழைஞ்ச சோறு திண்டு ஒருத்தரும் சாகேல்லை."

அடிபிடித்த குழம்பைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார எனக்கு மாதச் சம்பளம். என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி சீனப் பிள்ளை. ஹொக்கியனும் மலாயும் பேசுவாள். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே அவளுக்கு முழுநேர வேலை. பூட்டி, இழுத்துப் பார்த்து, திறந்து, மறுபடி பூட்டினால்தான் நிம்மதி. அந்த வீட்டுக்குத் திருடன் வந்திருந்தால் உள்ளே வந்திருப்பான்; வெளியே போயிருக்க மாட்டான். இன்னொருத்தி நம் தமிழ்ப் பிள்ளை. அவளை நான் பெரியவள் என்று சொல்கிறேன், ஆள் வாட்டசாட்டமாக இருப்பாள். வயது இருபத்தாறு. ஒரு டோபி கடையில் ஓட்டல் துண்டுகளை மடிக்கிற வேலை. அவள் மடித்தால் அத்தனையும் ஒரே அளவாக, சோப்புக்கட்டி அடுக்கியதுபோல் இருக்கும். அந்த டோபி முதலாளி என்னிடம், "அவ மடிச்சத மத்தவங்க தொட்டா திட்டுறா. என்னையும் திட்டுனா" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

நீல பஸ்ஸில் அவள் முதல் தடவை தனியாக வேலைக்குப் போன அன்று எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஏறிக் கடைசி சீட்டில் குடையை விரித்து மறைந்துகொண்டேன். பஸ்ஸுக்குள் குடை விரித்தவளை யார் பார்க்காமல் இருப்பார்கள்? பாதி வழியில் அவள் எழுந்து திரும்பி நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஆன்ட்டி, நீங்க ஏன் ஒளிஞ்சிருக்கீங்க? டிக்கெட் வாங்கலியா?" என்று கேட்டாள். கண்டக்டர் நேராக என்னிடம் வந்தான். வாங்கிய டிக்கெட்டைத் தேடி எடுத்துக் காட்டுவதற்குள் என் மானம் போய்விட்டது.

அவள் கதை இதுதான். அப்பா அம்மா இல்லை. அண்ணன் ஒருவர், புக்கிட் தெங்காவில் பேக்டரி சூப்பர்வைசர். அவர் வீட்டில்தான் பல வருஷம் இருந்தாள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, குறை சொல்ல முடியாது. ஆனால் அவளையே கேட்டால், "விருந்தாளி வந்தா என்னைய ரூம்ல வச்சுப் பூட்டிருவாங்க ஆன்ட்டி. டிவி சத்தம் கேக்கும். படம் தெரியாது" என்பாள். இதைச் சொல்லும்போது அழவும் மாட்டாள், கோபப்படவும் மாட்டாள். படம் தெரியாததுதான் அவளுக்குக் குறை.

வீட்டார் எழுத்துமூலம் சம்மதம் கொடுக்காமல் யாரையும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை என்பது கமிட்டியின் சட்டம். அண்ணன் ஆறு மாதத் தவணை கொடுத்தார். தவணை முடிகிற ஞாயிற்றுக்கிழமை வருவார். தங்கச்சி தன் கையால் சமைத்ததைச் சாப்பிடுவார். அவள் தனியாகப் பிழைத்துக்கொள்வாள் என்று மனசுக்குப் பட்டால் கையெழுத்து. இல்லாவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

"நான் போகமாட்டேன்" என்றாள் பெரியவள். "எனக்கு வேலை இருக்கு. துண்டு யாரு மடிப்பா?"

என்ன சமைப்பது என்று பேச்சு வந்தபோது, "மீன் குழம்பு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னிடமிருந்து கற்றுக்கொள்ளப் போகிறாள் அல்லவா. ஆனால் அவளுக்கு வாசிக்க வராது. ஆகவே டீச்சர் ஒவ்வொரு படிக்கும் ஒரு அட்டையில் படம் போட்டுக் கொடுப்பார். நான் சொல்லச் சொல்ல அவர் வரைய வேண்டும்.

"எவ்வளவு புளி?"

"போதுமான அளவு."

"போதுமான அளவு எண்டால் எவ்வளவு?"

"அது கைக்குத் தெரியும் டீச்சர்."

"கைக்குத் தெரியிறதைப் படமாக் கீறேலாது."

கடைசியில் எலுமிச்சம்பழ அளவு என்று முடிவானது. டீச்சருக்கு ஆங்கிலம் வரும், படம் வராது. மீன் போட்ட அட்டை ஜப்பான் சிலிப்பர் மாதிரி இருந்தது. வெங்காயம் ஒரு மனுஷன் தலை மாதிரி இருந்தது. இருந்தாலும் பன்னிரண்டு அட்டையும் பெரியவளுக்கு விளங்கியது. முதல் வாரம் அவற்றை மேஜையில் வரிசையாக வைத்தாள். மேலே காற்றாடி சுழன்று அட்டை எல்லாம் இடம் மாறிவிட்டது. அவள் சளைக்கவில்லை. இருந்த வரிசைப்படியே சமைத்தாள். முதலில் மீன், அப்புறம் தண்ணீர், கடைசியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு. நான் நாற்காலியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெருப்பில்லை, ரத்தமில்லை. மயக்கம் எனக்குத்தான் வந்தது.

அதற்குப் பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சுவரில் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு அட்டைகளைத் தொங்கவிட்டாள். ஒரு வேலை முடிந்தால் அந்த அட்டையைத் திருப்பிவிடுவாள். புளிக்கு மட்டும், பாசாரில் வாங்கிய நிஜ எலுமிச்சம்பழத்தை ஒரு கையிலும் புளியை ஒரு கையிலும் வைத்து அளவு பார்ப்பாள். அன்றைக்குப் பாசாரில் பழம் பெரிதாக இருந்தால் எங்கள் வீட்டில் குழம்பு புளிக்கும். கத்தியையும் அடுப்பையும் அவள் கையாண்ட விதத்தில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. சமைத்து முடித்ததும் அடுப்பை மூடுவாள், கேஸ் சிலிண்டரையும் மூடுவாள், மூடியதைச் சீனப் பிள்ளை வந்து இன்னொரு தடவை மூடுவாள்.

மூன்று மாதம் ஞாயிறுதோறும் மீன் குழம்பு. சாப்பிடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. சாப்பிடலாம். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. பெரியவள் விடிந்ததும் புலாவ் தீக்கூஸ் பாசாருக்குப் போய் தெங்கிரி மீன் வாங்கி வந்தாள். பதினொன்றரைக்குக் குழம்பை இறக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் குளிக்கப் போனால் சீக்கிரம் வரமாட்டாள், குளியலறையிலும் அட்டை உண்டு. டீச்சர் இன்னும் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நானும் குழம்பும் மட்டும்.

கோட்டைத் தாண்டினேன். ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். தண்ணியாக இருந்தது. புளி தனியாக நின்றது, மசாலா தனியாக நின்றது. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது வயதாகிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். நான் உட்கார்ந்திருக்கிற வீட்டில் ஒரு விருந்தாளி இந்தக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவதா? வக்கீல்களுக்குச் சமைத்துப் போட்ட கை இது! அதுதான் காரணம்.

சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்து லோங்காங்கில், அதாவது சாக்கடையில், கொட்டினேன். திரும்பினால் சீனப் பிள்ளை சாவியும் கையுமாகப் பின்கதவில் நிற்கிறாள். வாயில் விரலை வைத்து, "டியாம், டியாம்" என்றேன். அவளும் விரலை வாயில் வைத்தாள். ராத்திரிக்கென்று மீதி வைத்திருந்த மீனை எடுத்தேன். அரை மணி நேரம். என் கை என்ன மறந்தா போய்விடும்? அதே சட்டியில், அதே இடத்தில், மூடி போட்டு வைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன்.

பெரியவள் புதுப் பாவாடை சட்டையோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆன்ட்டி, கலரு வேற மாதிரி இருக்கு."

"ஆறுனா அப்படித்தான்லா இருக்கும்."

"வாசமும் வேற."

"ஆறுனா வாசமும் மாறும்."

"ஓ" என்றாள். நம்பிவிட்டாள். பெரியவர்கள் சொன்னால் நம்புகிற பிள்ளை.

அண்ணனும் அண்ணியும் காடியில், அதாவது காரில், வந்து இறங்கினார்கள். அவர் இஸ்திரி போட்ட மனுஷன். சட்டையும் அப்படி, முகமும் அப்படி. டீச்சர் வரவேற்றார். உட்கார்ந்தார்கள். பெரியவள் பரிமாறினாள். அண்ணன் முதல் வாய் வைத்தார். கை நின்றது. மனைவியைப் பார்த்தார். அடுத்த வாய். அப்புறம் அவர் யாரையும் பார்க்கவில்லை. மூன்று தடவை சோறு வாங்கினார். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கண் குளிரப் பார்த்தேன்.

கை கழுவிவிட்டு வந்தார். "டீச்சர், நான் நினைக்கவே இல்ல. நம்ம அம்மா வைக்கிற மாதிரி இருந்துச்சு."

டீச்சர் பையிலிருந்து சம்மதக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்து, பேனாவின் மூடியையும் கழற்றினார்.

"இப்படிச் சமைக்கத் தெரிஞ்சவளுக்கு இங்க என்ன வேலை?" என்றார் அண்ணன். "வீட்டுக்கே வரட்டும். என் வீட்டுக்காரியும் ஷிப்ட் வேலைக்குப் போறா. சமைக்க ஆள் தேடித் தேடிச் சலிச்சுப் போயிட்டோம். கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையாப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை காடி கொண்டாறேன். சாமானெல்லாம் கட்டி வைங்க."

டீச்சர் பேனா மூடியைத் திரும்பப் போடவே மறந்து போனார். அண்ணிக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. பெரியவள் கையில் ரசக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவர்கள் காடி சந்து திரும்பும்வரை நின்றாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, மோசமாச் சமைச்சா வீட்டுக்குப் போகணும்னு சொன்னாங்க."

"ஆமா."

"நான் நல்லாச் சமைச்சேன்."

நான் தரையில் இருந்த சிவப்பு டேப்பைப் பார்த்தேன்.

"நல்லாச் சமைச்சாலும் வீட்டுக்குப் போகணுமா? அப்ப நான் எப்படித்தான் சமைக்கிறது?"

வக்கீல்கள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு அவர்களில் ஒருவர்கூடப் பதில் சொல்லியிருக்க முடியாது.

அன்று சாயங்காலமே டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"என்ன வேலை செய்துபோட்டியள். இருந்து பாக்கத்தானே சொன்னனான்?"

"விருந்தாளிக்கு அதைப் போட மனசு வரல டீச்சர்."

"அது அவளின்ர விருந்தாளி" என்றார். "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அவளுக்குச் சொல்லுங்கோ."

டீச்சரிடம் சொல்வது லேசாக இருந்தது. அவளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன்.

"அப்ப என் குழம்பு எங்க?"

"கொட்டிட்டேன்."

"எங்க?"

"பின்னால லோங்காங்ல."

"முழுசாவா? மீனோடயா?"

"மீனோடதான்."

எழுந்து பின்பக்கம் போய் லோங்காங்கை எட்டிப் பார்த்தாள். அங்கே என்ன இருக்கும்? ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து, "ஆறுனா கலரு மாறும்னு சொன்னீங்க" என்றாள். அது ஒன்றுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. என் நாற்காலியைத் தூக்கினாள், வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். புதன், வியாழன், வெள்ளி, சனி, நான் வெயிலில் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். போகிற வருகிறவர்கள், "என்னக்கா, ஜாகா வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார்கள். ஜாகா என்றால் காவல்காரன். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். காரணத்தைச் சொல்வதைவிட அது மரியாதையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை அவள் வழக்கம்போல் பாசாருக்குப் போய் மீனும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தாள். துணிமணி எதையும் கட்டவில்லை. டீச்சர் வந்து உள்ளே உட்கார்ந்தார். பதினோரு மணிக்குக் காடி வந்தது. பின்னால் சாமான் வைக்கிற இடத்தைத் திறந்து, இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அண்ணன் கேட்டுக்குள் வந்தார். நான் எழுந்து வழியை மறித்தேன்.

"தம்பி, போன வாரம் நீங்க சாப்பிட்டது என் குழம்பு. அவ வச்சது இல்ல."

அவர் சிரித்தார். "ஏன்க்கா, அவள இங்கயே வச்சுக்கிறதுக்கு இப்படி ஒரு பொய்யா?"

"பொய் இல்ல தம்பி. அவ வச்சதைக் கொட்டிட்டு நான் வச்சேன்."

"சமைச்சவ வேற ஒருத்திக்குப் பேரை விட்டுக் குடுப்பாளா? எங்கயாவது உண்டா?"

பதினெட்டு வருஷம் சமைத்தவள், என் குழம்பு என்னுடையதுதான் என்று கேட்டில் நின்று கெஞ்சுகிறேன், நம்ப ஆளில்லை. அப்போது சீனப் பிள்ளை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஆன்ட்டி புவாங்" என்றாள், ஆன்ட்டி கொட்டினாள் என்று. பிறகு நடித்துக் காட்டினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், இல்லாத சட்டியைத் தூக்கினாள், முழங்கால் வலியோடு நான் நடக்கிற நடையை அப்படியே நடந்தாள், கொட்டினாள், சுற்றுமுற்றும் பார்த்து வாயில் விரல் வைத்து "டியாம்" என்றாள். அண்ணி காடிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அப்படி நடப்பேன் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

அண்ணன் நம்பிவிட்டார். முகம் மறுபடி இஸ்திரியாகிவிட்டது.

"அப்ப இவளுக்குச் சமைக்கத் தெரியல. நாம பேசுன பேச்சு என்ன? தெரியலன்னா கூட்டிட்டுப் போறதுதானே? ஏறும்மா காடியில."

பெரியவள் ஏறவில்லை. "உக்காருங்கண்ணே" என்றாள். "நான் இன்னும் சமைக்கல. இப்பதான் சமைக்கப் போறேன்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகும்."

உள்ளே போனாள். அண்ணனும் பின்னாலேயே போனார். ஒரே நிமிஷத்தில் வெளியே வந்தார். தள்ளிக்கொண்டு வந்து விட்டிருந்தாள். "கத்தி ரொம்ப கூர்மையா இருக்குன்னு சொன்னேன். கத்தி அப்படித்தான் இருக்கணும்ங்கிறா" என்றார். என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தோம். அங்கிருந்து ஜன்னல் வழியாக அடுப்பு தெரியும். தீக்குச்சி கிழித்த சத்தம் கேட்டதும் மறுபடி எழுந்து ஓடினார். மறுபடி வந்தார்.

"என்ன சொன்னா?"

"நெருப்பு, ரத்தம், மயக்கம்னா கூப்பிடுவாளாம்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அம்மா இருந்தவரைக்கும் அவள அடுப்புப் பக்கமே விட்டதில்லக்கா. நானும் விடல. ஏதாச்சும் ஆயிட்டா?"

"முதல் மாசம் நானும் இப்படித்தான் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தேன் தம்பி."

"அப்புறம்?"

"அப்புறமும் அப்படித்தான். அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன்."

ஒன்றரை மணி நேரம். வெயில் ஏறியது. ஒவ்வொரு அட்டையாகத் திரும்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். "அந்த சிலிப்பர் படம் எதுக்கு?" என்று கேட்டார். "அது மீன்" என்றேன். புளி அட்டை வந்தபோது அவள் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். சாத்துக்குடி அளவு இருந்தது. கத்திச் சொல்லலாம், நாலே எட்டில் போய்விடலாம். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த ஒரு தடவை நான் எழுந்திருக்கவில்லை. அதுதான் அந்த வீட்டில் நான் செய்த ஒரே வேலை.

எல்லோரும் உட்கார்ந்தோம். எனக்கும் இலை போட்டாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மீன் உடையாமல் முழுசாக வெந்திருந்தது. குழம்பு வாயில் வைத்ததும் டீச்சருக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. அண்ணி ஒரு கவளத்துக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள். அண்ணன் மெதுவாக மென்றார்.

"புளி அதிகம்."

"ஆமா. எலுமிச்சம்பழம் பெருசு" என்றாள் பெரியவள். "அடுத்த வாரம் சின்னதா வாங்குவேன். இன்னிக்கு இதுதான் இருக்கு. சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். அவள் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால் மிச்சம் வைக்க வழியில்லை. நானும் சாப்பிட்டேன், கேட்காமலே இரண்டாம் தடவை ஊற்றினாள். அது தண்டனையா மரியாதையா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே விழுங்கினேன்.

அண்ணி புருஷன் பக்கம் சாய்ந்து ரகசியம் பேசினாள். அவள் பேக்டரியில் மிஷின் சத்தத்துக்குள் பேசிப் பழகியவள். ரகசியம் அடுத்த வீடுவரைக்கும் கேட்டது. "ஏங்க, இதத் தினமும் சாப்பிட்டா நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலயே தங்கிடுங்க. பேசாம எழுதிக் குடுத்துட்டு வாங்க."

அவர் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுப்ப மூடுனதும் சிலிண்டரயும் மூடுனா, பாத்தியா?" என்றார். "நீ என்னிக்காச்சும் மூடியிருக்கியா?"

அண்ணி இன்னொரு கிளாஸ் தண்ணீர் குடித்தாள்.

"வேலைக்கு எதுல போற?" என்று தங்கச்சியைக் கேட்டார்.

"நீல பஸ்ல. நாளைக்கு ஏழு மணிக்குப் போகணும். ஓட்டல்ல ஆளு நெறைய, துண்டும் நெறைய. நான் உங்க வீட்டுக்கு வரமுடியாதுண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. வேலை இருக்கிறவர்கள் சொல்கிற மாதிரி சொன்னாள். அவர் பேக்டரியில் எத்தனையோ பேருக்கு லீவு கொடுத்து, மறுத்துப் பழகியவர். அவருக்கு அந்தக் குரல் தெரிந்திருக்க வேண்டும். டீச்சரைப் பார்த்துக் கையை நீட்டினார். டீச்சர் கடிதத்தைக் கொடுத்தார். இரண்டு தடவை வாசித்தார், புளிப்பு இன்னும் நாக்கில் நிற்கிற முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் பெரியவள்.

டீச்சர் தமிழில் வாசித்துச் சொன்னார். "நீ இஞ்சயே இருக்கலாம் எண்டு."

"இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார்.

"சரி" என்று சொல்லிவிட்டு இலைகளை எடுத்து மடித்தாள். இலையையும் துண்டு மடிக்கிற மாதிரியேதான் மடித்தாள். அண்ணனும் அண்ணியும் செருப்புப் போட்டார்கள். அவர் வாசலில் கொஞ்சம் தயங்கினார். "அப்ப, அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

கையைத் துடைத்துக்கொண்டே பெரியவள் வாசலுக்கு வந்தாள்.

"வர்றதா இருந்தா முன்னாலேயே சொல்லிட்டு வாங்கண்ணே. சும்மா வந்து நின்னா மீன் பத்தாது. நான் பாசாருக்குப் போகணும்ல."

அவர் என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம்.

"எப்ப சொல்லணும்?" என்று அவளையே கேட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றாள். "எத்தன பேருன்னும் சேத்துச் சொல்லுங்க."